அரியர் என்னும் கடன்

புதுவை நகரின் வடபுறத்தில், கடலை ஒட்டியிருக்கிறது குருசுக்குப்பம். வலையையும் படகையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிப் படியேறுகிறார்கள். பெற்றோருக்கு அதில் எத்தனை பெருமை!

சில சமயம் அந்தப் பெருமையே பிள்ளைக்குப் பாரமாகிவிடுகிறது. பரீட்சை முடிவு வருகிறது. இரண்டு பாடங்களில் தவறிவிட்டான்.

"என்னடா, பாஸாயிட்டியா?" என்று தகப்பனார் கேட்கிறார்.

"ஆயிட்டேம்பா" என்று சொல்லிவிடுகிறான்.

அந்த ஒரு பொய்தான் பிறகு வரும் துன்பங்களுக்கெல்லாம் வித்து.

தவறிய பாடத்தை மாணவர்கள் 'அரியர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு நிலுவை என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! கடன்பட்டவன் கெட்டவன் அல்லன். ஆனால் கடனை மறைப்பவனை வட்டி விழுங்கிவிடும். அரியருக்கும் வட்டி உண்டு. அடுத்த பருவத்துப் பாடங்களோடு பழைய பாடமும் தலையில் ஏறும். மறுபடியும் கட்டணம் கட்டவேண்டும். பாடத் திட்டம் மாறிவிட்டாலோ தொல்லை இரட்டிப்பாகும்.

கணக்குப் போடுங்கள்

முதற் காரியம், வீட்டில் உண்மையைச் சொல்வது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம். கல்லூரிப் பரீட்சைகளும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே வருகின்றன. படகு கரையில் நிற்கும்போது திடீரென்று பணம் கேட்டால், தகப்பனார் எங்கே போவார்? தை மாதமே சொல்லியிருந்தால் ஏதாவது ஒதுக்கி வைத்திருப்பார் அல்லவா?

இரண்டாவது, விடைத்தாளைப் பார்ப்பது. தன் விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. படிக்காமல் தவறினோமா, படித்தும் எழுதத் தெரியாமல் தவறினோமா, நேரம் போதவில்லையா? நோய் தெரியாமல் மருந்து ஏது?

மூன்றாவது, வரிசைப்படுத்துவது. சில மார்க்குகளில் நழுவிய பாடத்தையும், மேற்கொண்டு படிப்பதற்கு அடிப்படையான பாடத்தையும் முதலில் முடிக்கவேண்டும். பருவத் தொடக்கத்திலிருந்தே தினம் ஒரு மணி நேரம் பழைய பாடத்துக்கு ஒதுக்கினால், கடைசி வாரத்தில் கண் விழிக்கத் தேவையில்லை.

ராமானுஜன் கதை

"கணித மேதை ராமானுஜனே பரீட்சையில் தவறியவர்தானே?" என்று ஆறுதல் தேடுவோர் உண்டு. உண்மைதான். கும்பகோணம் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. தேறவில்லை. ஆனால் பட்டமில்லாமல் அவர் வேலைக்கு அலைந்ததை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. அத்தகைய மேதை நூற்றாண்டுக்கு ஒருவர்! மற்றவர்கள் மறுபடி எழுதித் தேறுவதே புத்திசாலித்தனம்.

கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இன்றும் புதுவையில் நடக்கிறது. அந்த நாட்டின் பள்ளியிறுதிப் பரீட்சையான 'பாக்' தேற 20-க்குச் சராசரி 10 வேண்டும். 8-க்குக் குறையாமல் எடுத்துத் தவறியவருக்கு, முடிவு வந்த சில நாட்களிலேயே இரண்டு பாடங்களில் வாய்மொழிப் பரீட்சை வைக்கிறார்கள். சிறு வித்தியாசத்தில் தவறியவரை மாதக் கணக்கில் காக்கவைப்பதில்லை. நம் கல்லூரிகளும் எல்லா மாணவருக்கும் விரைவாக மறு பரீட்சை வைத்தால் என்ன?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உண்மை சொல்ல வரும் பிள்ளையிடம் கை ஓங்காதீர்கள். வலை கிழியாத மீனவர் உண்டா? கிழிந்ததை மூலையில் ஒளித்தால் மீன் அகப்படாது. கரையில் விரித்துப் போட்டு, கிழிசலைத் தேடிப் பின்னவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நூல் எடுத்துக் கொடுத்தால், வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.