காயலான் கடைக்குப் போகாத விமானம்



“பழசாப் போன விமானத்துக்கு எதுக்கு இவ்வளவு செலவு? ஒரு மேடை கட்டி நிறுத்தி வச்சா போதாதா?” நம் விமானப்படையின் டகோட்டாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து. அது பறக்கத்தான் வேண்டும்.

முதலில், டகோட்டா நமக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். இது அமெரிக்காவில் பிறந்த இரட்டை எஞ்சின் விமானம். ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். 1947 அக்டோபர் 26 அன்று காஷ்மீர் மன்னர் இந்தியாவோடு இணையக் கையெழுத்திட்டார். மறுநாள் காலையிலேயே டெல்லியிலிருந்து டகோட்டாக்கள் கிளம்பின. முதலாம் சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கின. படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் அன்றே வீரமரணம் அடைந்தார். அந்த அக்டோபர் 27-ஐத்தான் நம் ராணுவம் இன்றும் காலாட்படை நாளாகக் கொண்டாடுகிறது.

1948 மே 24 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லே நகரில் டகோட்டாவை இறக்கினார். அந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல்! அங்கே போக அதைவிட உயரமான மலைகளைத் தாண்ட வேண்டும். டகோட்டாவிலோ இன்றைய விமானங்கள் போலக் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் வசதி கிடையாது. 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசத்தின் டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கிய விமானங்களிலும் டகோட்டா இருந்தது. அதன் பிறகு வயதாகிவிட்டது, படிப்படியாக ஓய்வு கொடுத்தார்கள்.

இப்போது கதையின் இரண்டாம் பாதி. 2011-ல் ராஜீவ் சந்திரசேகர் ஒரு பழைய டகோட்டாவை வாங்கினார். அவர் தந்தை ஏர் கமோடர் எம்.கே. சந்திரசேகர், விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் அதைச் சீர்செய்தார்கள். 2018-ல் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். பெயர் ‘பரசுராமா’. எண் வி.பி. 905, ஸ்ரீநகருக்குப் படையைக் கொண்டுபோன முதல் டகோட்டாவின் நினைவாக வைத்த எண். அதைக் கப்பலில் போட்டுக் கொண்டுவரவில்லை, நண்பர்களே! 2018 ஏப்ரல் 17-ல் கிளம்பி பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவுதி அரேபியா, பஹ்ரைன், ஓமன் என்று இறங்கி ஏறி, குஜராத்தின் ஜாம்நகருக்குத் தானே பறந்து வந்தது. 2021 குடியரசு நாள் அணிவகுப்பில் பறந்தது. 2024 அக்டோபர் 6-ல் நம் மெரினாவிலும் பறந்தது.

சரி, நிறுத்தி வைத்தால் என்ன? ஓடாத எஞ்சின் கெட்டுப்போகும். ரப்பர் வெடிக்கும், துரு ஏறும். இந்த வட்ட வடிவ எஞ்சினில், நின்றிருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே உடையும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கும். ஆனால் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றினால் சரி, எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். விமானம் பறக்கிற வரைக்கும் ஒரு மூத்த மெக்கானிக் ஒரு இளைய மெக்கானிக்குக் கற்றுக்கொடுப்பார். மேடையில் ஏற்றினால் பெயின்ட் அடிக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், விட்டுப்போன டகோட்டாக்களைப் பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனமே சீர்செய்து கொடுத்தது. அதே நாட்டுக்கு வர வேண்டிய டகோட்டாவை 2011-க்குப் பிறகு கோவென்ட்ரியில்தான் சீர்செய்தார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். விமானத்தை விட்டதோடு வித்தையையும் விட்டோம்.

நம் பக்கத்துப் புழல் ஏரியையே பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் அங்கேதான் இருந்தது. தண்ணீரில் இறங்கும் கேட்டலினா என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் அங்கிருந்து வங்கக் கடலைச் சுற்றிப் பறந்தன. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அம்பத்தூர் மாணவர்கள் இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? நம் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் இருந்த பல இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். கம்ப்யூட்டர் வேலை வரட்டும், நல்லதுதான். ஆனால் கையில் எண்ணெய் படுகிற வேலையைக் கேவலமாக நினைக்கலாமா? “மார்க் வரலைன்னா ஐ.டி.ஐ.தான்” என்று பயமுறுத்துகிறோமே, அது சரியா? பரசுராமாவை மேலே ஏற்றியது அப்படிப்பட்ட கைகள்தானே!

என் யோசனை இதுதான். நம் அறிவியல் மன்றம் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டர் எஞ்சினை வாங்கட்டும். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் ஐயாவை அழைப்போம். அவர் சொல்லச் சொல்ல நாமே கழற்றி, நாமே மாட்டி, அடுத்த அறிவியல் கண்காட்சியில் ஓட விடுவோம். சார்ட் பேப்பரில் எஞ்சின் படம் வரைந்தது போதும்!

சித்திரமும் கைப்பழக்கம். எஞ்சினும் அப்படித்தான். சிந்திப்போம், செயல்படுவோம்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்