அடையாற்று டாக்டரம்மாள்

ஆரணி என்றால் நம் வீட்டு ஸ்திரீகளுக்குப் பட்டுப் புடவை ஞாபகத்திற்கு வரும். புருஷர்களுக்கு அதன் விலை ஞாபகத்திற்கு வரும். நெய்தவரின் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. பாவு பூட்டிய தறி நின்றால் அன்றே கூலியும் நின்றுவிடும். ஆகவே வாயில் ஆறாத புண் இருந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், "இந்தப் புடவை இறங்கட்டும், பார்க்கலாம்" என்று நெசவாளர் நாளைக் கடத்துவார். புற்றுநோய்க்கு அந்த நாட்களே ஆகாரம்.

இப்படிக் காலங்கடந்து வந்து நிற்கும் ஏழைகளுக்காகவே ஆயுளைச் செலவிட்டவர் டாக்டர் வி. சாந்தா. 1927-ல் சென்னையில் பிறந்தவர்; விஞ்ஞானி ஸர் சி. வி. ராமனின் உறவினர். 1949-ல் வைத்தியப் பட்டமும், 1955-ல் மகப்பேறு வைத்தியத்தில் மேற்பட்டமும் பெற்றார். சர்க்கார் தேர்விலும் தேறி, எழும்பூர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் காத்திருந்தது. பெற்றோர் வேறென்ன வேண்டுவார்கள்?

ஆனால் அவர் போனது அடையாற்றுக்கு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-ல் அங்கே ஒரு சிறு வைத்தியசாலையைத் திறந்திருந்தார். 12 படுக்கைகள், அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவுமாக இரண்டே டாக்டர்கள். மூன்று வருஷம் சம்பளமே கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்திலேயே குடியிருக்க இடமும் கிடைத்தன. வீட்டார் வருந்தியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

அங்கே நடந்த ஆராய்ச்சிகளில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பற்றியதே நம் மனத்தை மிகவும் தொடுகிறது. அந்நோய் ஒரு மருந்தால் தீராது. பல மருந்துகளை முறை வைத்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே நெய்கிற காரியமல்ல. பணக்கார தேசத்து முறையை அப்படியே கொண்டுவந்தால், மருந்தின் கடுமையைத் தாங்கவே இங்கே வசதி போதாது. ஆகவே 1980-களில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தாருடன் சேர்ந்து, நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற ஒரு முறையை வகுத்தார்கள். பம்பாயிலும் டில்லியிலும் அதுவே கையாளப்பட்டது. முன்பு நூற்றுக்கு இருபது குழந்தைகள் பிழைப்பதே அரிது. பின்பு ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தன. மற்றப் பாதியை நினைத்து அந்த டாக்டர்கள் எத்தனை இரவு உறங்காதிருந்தார்களோ!

1984-ல், புற்றுநோய்க்கு மருந்தால் சிகிச்சை செய்யும் நிபுணர்களைப் பயிற்றும் உயர்படிப்பை நம் தேசத்தில் முதன்முதல் தொடங்கியதும் இந்நிலையமே. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. தறியை நிறுத்திவிட்டு வந்தவரால் வேறு எங்கே போக முடியும்?

2005-ல் மகஸேஸே பரிசும், 2016-ல் பத்ம விபூஷணும் வந்தன. பரிசுப் பணம் நிலையத்துக்கே போயிற்று. 2021 ஜனவரி 19-ல், 93-வது வயதில் அவர் காலமானார். அதுவரை அவர் குடியிருந்ததும் அந்த வளாகத்திலேதான்.