கலை ஆலோசகர் யார் பக்கம்?

எந்த ஓவியத்தை வாங்குவது, என்ன விலை கொடுப்பது என்று செல்வந்தர்களுக்கு வழிகாட்டுபவர் கலை ஆலோசகர். ஜெர்மனியில் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஹெல்கே ஆஹன்பாஹுக்கு, 2015 மார்ச்சில் எஸ்ஸன் நீதிமன்றம் மோசடிக் குற்றத்துக்காக 6 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆல்டி அங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்த பெர்த்தோல்ட் அல்பிரெஹ்ட்டுக்காக அவர் ஓவியங்களையும் பழைய கார்களையும் வாங்கிக் கொடுத்தார். ஓவியங்களுக்குப் பேசிய தரகு 5 சதவீதம். ஆனால் விற்பவர் தந்த விலைச்சீட்டுகளைத் திருத்தி, சிலவற்றில் டாலர் குறியை யூரோவாக மாற்றி, மிகுதியைத் தாமே எடுத்துக்கொண்டார். 2012-ல் அல்பிரெஹ்ட் காலமான பின்னரே, அவரது மனைவியின் புகாரால் விவகாரம் வெளிப்பட்டது.

இதை ஒரு தனிமனிதரின் பேராசை என்று ஒதுக்கிவிட இயலாது. விலையில் சதவீதம் பெறுபவருக்கு, அவர் நேர்மையாளராகவே இருப்பினும், விலை குறைவதால் ஆதாயமில்லை.

தமிழர்களுக்கும் இது தொலைவான செய்தியன்று. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்குக் கொடுத்து வாங்கியது. அங்கும் திருட்டை மறைத்தவை போலி ஆவணங்களே. விற்ற சுபாஷ் கபூர் 2011-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கைதானார். சிலை 2014-ல் இந்தியா திரும்பியது. வல்லுநர்களைக் கொண்ட நிறுவனமே காகிதத்தை நம்பி ஏமாந்தது.

ஆலோசகரின் கட்டணத்தை விலையோடு பிணைக்காமல் முன்கூட்டியே பேசி முடிப்பதும், விற்பவருக்கே நேரடியாகப் பணம் செலுத்தி மூலச் சீட்டைப் பெறுவதும் எளிய காப்புகள். அல்பிரெஹ்ட்டுக்கு அவை தோன்றாதது வியப்பன்று. ஆஹன்பாஹ் அவருடைய நண்பர்.