வெற்றிடத்தின் மீது விழும் பழி

நுண்சில்லுகளைப் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு படவில்லை அடிக்கடி தலைகாட்டுகிறது. மின்னூட்டமற்ற இரண்டு உலோகத் தகடுகள் 10 நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும். அவற்றை நெருக்கும் காசிமிர் விசை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு நிகரானது என்று கீழே எழுதியிருக்கும். அடுத்த படவில்லையில் 3 நானோமீட்டர் சில்லு. இரண்டையும் இப்படி அடுத்தடுத்து வைத்துவிட்டால் முடிவை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சில்லுத் தொழிலின் முன்னே நிற்கும் அடுத்த தடைச்சுவர் குவாண்டம் வெற்றிடமே என்று அவையிலிருக்கும் மாணவர் தாமாகவே எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. அது எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்ந்தால், இயற்பியல் வகுப்பறைக்கும் சில்லுத் தொழிற்சாலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளமும் கண்ணுக்குப் புலப்படும்.

முதலில் சூத்திரம். 1948இல் ஹெண்ட்ரிக் காசிமிர் வெளியிட்ட முடிவின்படி, இரு இணைத் தகடுகளுக்கு இடையிலான அழுத்தம் இடைவெளியின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஒரு மைக்ரோமீட்டரில் 1.3 மில்லிபாஸ்கல், 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல், 10 நானோமீட்டரில் 1.3 லட்சம் பாஸ்கல். எண்கள் சரியானவை. ஆனால் அவை, எல்லா அலைநீளங்களையும் முழுமையாக எதிரொளிக்கும் ஓர் இலட்சிய உலோகத்துக்கு உரியவை. அத்தகைய உலோகம் எதுவும் இல்லை. தங்கம்கூட, தன் பிளாஸ்மா அலைநீளமான ஏறத்தாழ 0.14 மைக்ரோமீட்டரை விடக் குறுகிய அலைகளுக்கு நல்ல ஆடியாக இருப்பதில்லை. இடைவெளி அந்த அளவைவிட மிகச் சிறுத்துவிட்டால் நான்காம் அடுக்கு விதி தளர்ந்து மூன்றாம் அடுக்கு விதிக்கு இடம்விடுகிறது. விசையும் இலட்சிய மதிப்பைவிடப் பல மடங்கு குறைகிறது. அந்த மூன்றாம் அடுக்கு விதி வேதியியல் மாணவர் நெடுநாளாக அறிந்த வான்டர்வால்ஸ் விசைதான். இரண்டும் ஒன்றே என்பதை 1950களின் நடுவில் லிஃப்ஷிட்ஸ் தம் கோட்பாட்டால் நிறுவிவிட்டார். ஆக, கருத்தரங்கப் படவில்லை எந்த இடைவெளியில் தன் பெருமையைக் காட்டுகிறதோ, அதே இடைவெளியில் அதன் சூத்திரம் பொருந்துவதில்லை.

அடுத்தது, 3 நானோமீட்டர் என்ற பெயர். இது ஒரு தலைமுறையின் வணிகப் பெயரே அன்றி, சில்லில் அளந்து காட்டக்கூடிய நீளம் அன்று. அந்தத் தலைமுறையில் அடுத்தடுத்த கேட்டுகளின் இடைத்தொலைவு ஏறத்தாழ 48 நானோமீட்டர். மிக நெருக்கமான உலோகக் கம்பிகளின் இடைத்தொலைவு ஏறத்தாழ 24 நானோமீட்டர். முடிவுற்ற டிரான்சிஸ்டரில் வெற்றிடமும் இல்லை. ஆக்சைடும் நைட்ரைடும் உலோகமும் இடைவெளிகளை நிரப்பி இறுகியிருக்கின்றன. இன்டெல் நிறுவனம் தன் 14 நானோமீட்டர் தலைமுறையில் இரண்டு கம்பி அடுக்குகளில் மட்டும் காற்று இடைவெளிகளை விட்டதுண்டு. அங்கும் கம்பிகள் விறைப்பான சூழலில் பதிந்திருப்பதால் அசைய வழியில்லை. மெல்லிய கேட் ஆக்சைடின் ஊடே எலக்ட்ரான் ஊடுருவிக் கசிவது மெய்யான குவாண்டம் சிக்கல்தான். எனினும் அது ஊடுருவல் விளைவு. வெற்றிட விசைக்கும் அதற்கும் உறவில்லை. ‘குவாண்டம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இவ்விரண்டும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன.

அப்படியானால் சில்லு உருவாகும் வழியில் நுண்சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொள்வது ஏன்? அது கட்டுக்கதை அன்று. உற்பத்தியாளர் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் குறைபாடு. அதன் முதல் குற்றவாளி நீர். அரித்தலும் கழுவுதலும் முடிந்தபின் வேஃபரை உலர்த்தும்போது, இரண்டு உயரமான மெல்லிய சுவர்களுக்கு நடுவே நீர் தங்குகிறது. அதன் வளைந்த மேற்பரப்பு சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. ஒளியுணர் ரெசிஸ்ட் கோடுகள் இவ்வாறு சரிவதன் பொறிமுறையை ஜப்பானில் தனாகாவும் அவர்தம் குழுவினரும் 1993இலேயே விளக்கிவிட்டனர். கணக்கு எளியது: பரப்பு இழுவிசையை இரட்டித்து இடைவெளியால் வகுக்க வேண்டும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். சுவர்களை நீர் முழுமையாக நனைப்பதாகவும் இடைவெளி 20 நானோமீட்டர் என்றும் கொண்டால், விடை 72 லட்சம் பாஸ்கல். ஏறத்தாழ 70 வளிமண்டல அழுத்தம். அதே இடைவெளியில் காசிமிரின் இலட்சியச் சூத்திரம் தருவதோ ஏறத்தாழ 8,000 பாஸ்கல். நுண்புழை விசை தொள்ளாயிரம் மடங்கு பெரிது. மெய்யான பொருள்களின் பண்புகளைக் கணக்கில் எடுத்தால் இந்த வேறுபாடு இன்னும் விரியும்.

தொழிற்சாலைகள் கண்ட மருந்துகளும் இதையே காட்டுகின்றன. நீருக்குப் பதிலாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு உலர்த்தினால் பரப்பு இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அதுவும் போதாத இடங்களில், குறிப்பாக டிராம் நினைவகத்தின் நெடிய மின்தேக்கிகளில், மாறுநிலையைக் கடந்த கார்பன் டை ஆக்சைடு பயன்படுகிறது. 31 டிகிரி செல்சியசுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அதற்குத் திரவ மேற்பரப்பு என்ற ஒன்றே இல்லாததால், இழுக்கும் விசையும் இல்லாமற்போகிறது. வெற்றிடத்தின் ஏற்ற இறக்கங்களை அடக்க யாரும் கருவி வாங்கவில்லை. உலர்த்தும் கருவிகளைத்தான் வாங்கினார்கள்.

இதனால் வெற்றிட விசை முற்றிலும் குற்றமற்றது என்று ஆகிவிடாது. சுவர்களை அருகே கொண்டுவந்து சேர்ப்பது நீர். சேர்ந்தபின் நீர் ஆவியாகிப் போனாலும் அவற்றைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வது வான்டர்வால்ஸ் விசையும் பரப்பிலுள்ள வேதிப்பிணைப்புகளும். நாற்புறமும் கேட் சூழ்ந்த புதிய டிரான்சிஸ்டர்களில் இந்தக் கூட்டுச்சதி கூர்மையடைகிறது. சாம்சங் நிறுவனம் 2022இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வகையில், சிலிக்கான் தகட்டுப் படலங்களுக்கு நடுவிலுள்ள சிலிக்கான்–ஜெர்மானியம் அடுக்குகளை அரித்து நீக்குகிறார்கள். சிறிது நேரம் அந்தப் படலங்கள் இரு முனைகளில் மட்டும் பற்றியபடி, ஏறத்தாழ பத்து நானோமீட்டர் இடைவெளிகளோடு அந்தரத்தில் நிற்கின்றன. பின்னர் அந்த இடைவெளிகளை ஆக்சைடும் உலோகமும் நிரப்புகின்றன. சில்லின் வாழ்நாளில் வெற்றிட விசைக்கு நியாயமாக ஒரு வாய்ப்பு உண்டெனில் அது இந்த இடைப்பட்ட நேரமே. அப்போதும் படலங்களின் நீளமும் விறைப்பும் உலர்த்தும் முறையுமே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

இந்த விசையின் பிறப்புக் கதை மாணவர்க்கு அரிதாகவே சொல்லப்படுகிறது. நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரிலிருந்த பிலிப்ஸ் ஆய்வகத்தில், நீரில் மிதக்கும் குவார்ட்ஸ் தூள் கூழ்மங்களின் நிலைத்தன்மையை ஆராய்ந்தவர் ஓவர்பீக். துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு தொலைவு கூடக்கூட எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒளி சென்று மீள ஆகும் தாமதமே காரணமாகலாம் என்ற அவரது ஐயத்தைக் காசிமிரும் போல்டரும் கணக்காக்கினார்கள். எதிர்பாராத அளவு எளிமையான விடை கிடைத்ததைக் காசிமிர் நீல்ஸ் போரிடம் சொன்னபோது, சுழிநிலை ஆற்றலோடு இதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று போர் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பிலிருந்து வந்ததே தகடுகளின் சூத்திரம். வெற்றிடத்தின் புதிர் என்று இன்று போற்றப்படுவது ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில், தூளும் நீரும் கலந்த ஒரு குடுவையிலிருந்து தொடங்கியது. வேஃபரைத் தேய்த்துச் சமப்படுத்தும் சிலிக்கா குழம்பும் அதே வகைக் கூழ்மம்தான். அதன் துகள்கள் திரளாமல் இருப்பதும், தேய்த்தபின் வேஃபரில் ஒட்டிய துகளைக் கழுவி எடுக்க முடிவதும், ஓவர்பீக் கேட்ட கேள்வியின் நேர் வாரிசுகள். காசிமிரின் விசை சில்லுத் தொழிற்சாலைக்குள் மெய்யாகவே இருக்கிறது. ஆனால் அது வேலை செய்வது குழம்புத் தொட்டியில்.

அசையும் உறுப்புகள் கொண்ட மெம்ஸ் கருவிகளில் கதை வேறு. அங்கே நிரப்பப்படாத இடைவெளிகள் கருவியின் ஆயுள் முழுவதும் நீடிக்கின்றன. 2001இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சானும் கப்பாசோவும் அவர்தம் குழுவினரும், தங்கம் பூசிய ஒரு கோளத்தை நெருக்கி, நுண்ணிய சிலிக்கான் தகடு காசிமிர் விசையால் முறுக்கப்படுவதைக் காட்டினர். 2013இல் சானின் ஹாங்காங் குழு, லித்தோகிராபியால் ஒரே சில்லில் செதுக்கிய இரு சிலிக்கான் உறுப்புகளுக்கு நடுவிலேயே அந்த விசையை அளந்தது. 2017இல் அதே வழியில், விசை இடைவெளியோடு ஒரே சீராகக் கூடாத வடிவங்களையும் செய்து காட்டினார்கள். 2021இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு, உப்புக் கரைசலில் தங்கத் தகடுகள் காசிமிர் ஈர்ப்பும் மின்விலக்கமும் சமன்படும் தொலைவில் தாமாகவே நிலைகொள்வதைப் பயன்படுத்தி ஒளிக்குழிகளை அமைத்தது. இவை எல்லாம் மதிக்கத்தக்க பணிகள். அவற்றைச் செய்தவர்கள் எதிர்கொண்ட பெரும் தொல்லையையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை: பரப்புகளுக்கிடையே எஞ்சி நிற்கும் மின்னழுத்த வேறுபாடு. ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் வெறும் 0.1 வோல்ட் வேறுபாடு 44 மில்லிபாஸ்கல் அழுத்தம் தரும். காசிமிர் விசையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். அதைக் கழிக்காமல் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவது, கல்லையும் பதரையும் நீக்காமல் நெல்லை நிறுப்பதை ஒக்கும்.

இந்தியச் சூழலில் இது வெறும் சொல்லாய்வு அன்று. 76,000 கோடி ரூபாய் மதிப்பிலான குறைகடத்தித் திட்டம் 2021 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற தொலேரா ஆலை 28 நானோமீட்டரையும் அதைவிடப் பழைய தலைமுறைகளையும் இலக்காகக் கொண்டது. மொகாலி ஆய்வகம் 180 நானோமீட்டரில் இயங்குகிறது. இந்த ஆலைகளில் நாள்தோறும் எழப்போகும் கேள்விகள் கழுவுதல், உலர்த்துதல், துகள் நீக்கம், பரப்பு வேதியியல் பற்றியவை. இயற்பியல் முதுகலை வகுப்பிலோ காசிமிர் விளைவு ஒரு முடிவிலித் தொடராக வருகிறது. ரீமான் சீட்டா சார்பின் துணையால் 1/120 என்ற மதிப்பு வெளிப்பட்டதும் வகுப்பு வியந்து கலைகிறது. வேதியியல் வகுப்பில் ஹமாக்கர் மாறிலி தனியே வந்து தனியே போகிறது. இரண்டும் ஒரே விசையின் இரு முகங்கள் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. இந்த விசையைச் சுழிநிலை ஆற்றலின் பெயரைச் சொல்லாமலே, பொருள்களில் அலையும் மின்னூட்டங்களின் இடைவினையாகக் கணக்கிடலாம் என்று ஜாஃபே 2005இல் வாதிட்டதும் பாடத்திட்டங்களில் அரிதாகவே நுழைந்திருக்கிறது. அதனால்தான் ‘வெற்றிட ஆற்றலை’ச் சில்லில் அறுவடை செய்யும் கனவுகள் ஆய்வுமுன்மொழிவு வேடம் பூண்டு வரும்போது, தடுத்துக் கேட்கும் பயிற்சி மாணவரிடம் இருப்பதில்லை.

கவர்ச்சியான பெயர்தான் மாணவரை அடிப்படைக்கு அழைத்து வருகிறது, அதையும் பறிக்கலாமா என்று கேட்போர் உண்டு. அழைத்து வரட்டும், தடை இல்லை. ஆனால் வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வகுப்பு முடிந்துவிடுகிறதே என்பதுதான் குறை. உள்ளே அழைத்துச் செல்ல ஒரு செய்முறைப் பாடம் போதும். பெங்களூரு, மும்பை போன்ற இடங்களிலுள்ள நானோ ஆய்வுக்கூடங்கள் வெளி ஆய்வாளர்க்கும் வாய்ப்பளிக்கின்றன. சிலிக்கானில் ஒரு முனை மட்டும் பற்றிய நுண்விட்டங்களை வெவ்வேறு நீளங்களில் வரிசையாகச் செய்து, ஒரு தொகுதியை நீரிலிருந்தும் மற்றொன்றை மாறுநிலை கடந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் உலர்த்த வேண்டும். குறுகியவை நிமிர்ந்து நிற்கும். ஒரு நீளத்துக்கு மேற்பட்டவை அடித்தளத்தில் ஒட்டிக் கிடக்கும். அந்த எல்லை நீளம், விட்டத்தின் தடிப்பு, இடைவெளி, விறைப்பு ஆகிய நான்கிலிருந்தும் ஒட்டும் ஆற்றலைக் கணக்கிடும் முறையை மாஸ்ட்ராஞ்சலோவும் சூவும் 1993இல் தந்திருக்கிறார்கள். ஓர் ஒளி நுண்ணோக்கியும் ஒரு பிற்பகலும் இருந்தால், இரண்டு தொகுதிகளிலும் எத்தனை விட்டங்கள் நிற்கின்றன என்று மாணவரே எண்ணிவிடலாம்.