எது முன்னே, எது பின்னே?

ரசத்துக்குக் கொத்தமல்லியை எப்போது போடுகிறீர்கள்? இறக்குகிற சமயத்தில்தானே? புளித் தண்ணீர் கொதிக்கும்போதே போட்டால் இலை இருக்கும், வாசனை இருக்காது. சாமான்கள் அதேதான், முன்பின்னாகிவிட்டால் ருசியே வேறு!

சங்கீதத்திலும் இந்தச் சமாசாரம் உண்டு என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வீட்டுப் பெண் கல்லூரி விழாவில் கீபோர்டு வாசித்தாள். வீட்டில் ஹெட்போனில் தேனாக இருந்த ஆர்கன் ஒலி, மேடையில் ஒரே இரைச்சல். "இவளுக்கு வித்தை வராது. வாத்தியத்தை விற்றுவிடலாம்" என்று அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வந்து பார்த்த வாத்தியக்காரர் ஒருவர், "குற்றம் விரலில் இல்லை, வரிசையில் இருக்கிறது" என்றார். ஒலியைக் கரகரப்பாக்குவது 'டிஸ்டார்ஷன்'. மண்டபத்தில் வாசிப்பதுபோல் எதிரொலி சேர்ப்பது 'ரிவர்ப்'. இவள் ரிவர்பை முன்னாலும் டிஸ்டார்ஷனைப் பின்னாலும் வைத்திருந்தாள். ஆகவே ஸ்வரத்தோடு எதிரொலியும் சேர்ந்து கரகரத்தது. ஒன்று அடங்குமுன் அடுத்தது அதன்மேல் ஏறிற்று.

சரியான முறை என்ன? 1935-ல் வந்த ஹாமண்ட் ஆர்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்து வாசிக்கும் லெஸ்லி ஒலிபெருக்கியில் முதலில் வால்வு ஆம்ப்ளிபையர். பிறகு சுழலும் குழல். அப்புறம்தான் ஒலி அறைக்குள் பரவும். கீபோர்டிலும் அதே வரிசைதான்: கரகரப்பு, சுழற்சி, கடைசியில் எதிரொலி. வேண்டுமென்றே தலைகீழாக வைப்பவர்களும் உண்டு. அது தெரிந்து செய்வது!

இன்னொரு விஷயம். இடது கையில் பாஸ், வலது கையில் பிடில் என்று பிரித்து வாசிக்கும்போது இரண்டையும் எதிரொலியில் முக்கி எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கை மட்டும் ரிவர்புக்கு அனுப்ப வேண்டும். இதற்கு 'ஸெண்ட்' என்று பெயர். பிடிலுக்குத் தாராளம், பாஸுக்கு ஒரு சொட்டு. மண்டபமும் தன் பங்குக்கு எதிரொலிக்கும் அல்லவா? ஆகவே வீட்டில் வைத்த அளவை மேடையில் குறைத்துவிடுங்கள். வரிசையை மாற்ற இடம் தராத கீபோர்டுகளுக்கும் இதுவே கைமருந்து.

நேற்று மாலை அந்தப் பெண் மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. அப்பா பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை தலைகீழாக இருந்தது. விற்கிற பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.