சுருட்டு இடிக்கிறதே!

மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்ட் 1884-ல் வியன்னாவில் ஒரு கட்டுரை எழுதினார். கோகேய்னுக்கு லட்சார்ச்சனை! அவரும் அதை உபயோகித்தார். கட்டை விரலை வெட்டியெடுத்த பிறகு ஓயாத வலி, வலிக்காக மார்ஃபின், கடைசியில் மார்ஃபினுக்கே அடிமை என்று அவதிப்பட்ட நண்பர் ஃப்ளைஷ்லுக்கும், இதைச் சாப்பிட்டால் அது போய்விடும் என்று சிபாரிசு செய்தார். அது போகவில்லை, இதுவும் சேர்ந்துகொண்டது. ஃப்ளைஷ்ல் 1891-ல், 45 வயசில் காலமானார். ஃப்ராய்டோ கோகேய்னை விட்டுவிட்டு 83 வயசு வரை இருந்தார்.

மன உறுதிதான் காரணமா? சுருட்டு இடிக்கிறதே! வாயில் கேன்சர் வந்தும் மனுஷரால் அதை விட முடியவில்லை.

இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், கோகேய்னுக்கு அடிமையாவதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு என்கிறார்கள். டென்ஷனுக்கும் பங்கு உண்டு. 1990-களில் அமெரிக்காவின் லூசியானாவில் சில எலிகளுக்குத் தப்ப வழியில்லாமல் ஷாக் கொடுத்தார்கள். சும்மா இருந்த எலிகளைவிட இவை கொஞ்சூண்டு டோஸிலேயே கோகேய்னைப் பிடித்துக்கொண்டன. டென்ஷன் ஹார்மோன் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளோ அதைப் பழகவே இல்லை.

விட்டவனை மறுபடி இழுப்பதிலும் டென்ஷன் கில்லாடி. பாட்டன் கொடுத்த ஜீனை மாற்ற முடியாது, சரி. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் ‘எங்கேடா போனே? மூஞ்சியைக் காட்டு, பாக்கெட்டைக் காட்டு’ என்று தினம் நாலு ஷாக் கொடுக்கிறோமே... அதை நிறுத்தலாமில்லையா?