உப்பின் விலையை யார் கொடுப்பது?

அணை வந்தால் பிழைத்தோம் என்று இருந்த விவசாயிகளே, அந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று போராடியது கொங்கு நாட்டில் நடந்தது. சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் விட்டதெல்லாம் அங்கே வந்து நின்றது. தேக்கினால் சுற்றிலும் உள்ள கிணறுகள் உப்பாயின. திறந்துவிட்டால் கரூர் வரை வயல் கெட்டது.

தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், பொருளாதார வளர்ச்சி என்று உலக மாநாடுகளில் மூன்று தலைப்புகளில் தனித்தனியாகப் பேசுகிறார்கள். நொய்யல் கரையில் மூன்றும் ஒரே வாய்க்காலில் ஓடின. இந்தச் சிக்கலுக்கு இங்கே பாதி விடையும் கிடைத்திருக்கிறது. மீதிப் பாதி ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடலாம். சாயக் கழிவு என்றதும் சிவப்பும் நீலமுமாக ஓடும் சாக்கடைதான் நம் நினைவுக்கு வருகிறது. பருத்தித் துணி தானாகச் சாயத்தைப் பிடிக்காது. பிடிக்க வைக்க உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் அறுபது, எண்பது கிராம் வரை உப்பைக் கொட்டுகிறார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம்தான். அதாவது நாம் போடும் கறுப்பு டி-ஷர்ட் கடலைவிட இரு மடங்கு உப்பான தண்ணீரில் குளித்து வந்தது. உப்பைத் துணி எடுத்துக்கொள்வதில்லை. சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு, போட்டது போட்டபடி அது தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது.

1990களின் இறுதியில் திருப்பூரில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டன. சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். உப்பு அப்படியே நின்றது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. பயிருக்கு நஞ்சாக இருந்தது. வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது விதி. அந்த எண் பல ஆண்டுகள் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. 1985-ல் இருபது கோடி ரூபாயைக்கூடத் தொடாத திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, இன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடியை ஒட்டி நிற்கிறது. கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று லட்சக்கணக்கானோருக்கு அந்த ஊர் சோறு போடுகிறது. உள்ளூர்ப் பெண்கள் மாதச் சம்பளம் கண்டதும், ஒடிசாவிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இருந்து இளைஞர்கள் ரயிலேறி வந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் இதனால்தான். மழை பொய்த்துக் கிணறு கெட்ட விவசாயியின் மகனும் மகளும் அதே ஊர் பனியன் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போனார்கள். இதை விவசாயிக்கும் முதலாளிக்கும் இடையிலான சண்டையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த வீடுகளுக்குள் போய்ப் பார்க்காதவர்கள்.

ஆனாலும் சண்டை நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநிறுத்தியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் அந்தப் படியில்தான் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்து உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009-ல் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் ஆற்றில் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் இழுத்து மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். வேலை இழந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

அதன் பிறகுதான் ‘முடியவே முடியாது’ என்றிருந்த காரியம் நடக்க ஆரம்பித்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையமாகச் சோதித்துத் திறந்தார்கள். இன்று கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகிறது, பிறகு வடிகட்டி, அப்புறம் ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகப் பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கெட்டி உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியை அடுத்த சாயத் தொட்டிக்கு அப்படியே பயன்படுத்துகிறார்கள். எஞ்சியதை ஆவியாக்கி உப்பாகப் பிரிக்கிறார்கள். பழைய விஞ்ச் இயந்திரங்கள் போய், குறைந்த தண்ணீரில் வேலை முடிக்கும் சாஃப்ட்ஃப்ளோ இயந்திரங்கள் வந்தன. இந்த அளவில், ஒரு தொழில் நகரம் முழுவதும் இப்படிக் கழிவுநீரைத் திருப்பி எடுப்பதை உலகின் பல ஜவுளி நாடுகள் இன்னும் செய்யவில்லை. திருப்பூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. சவ்வு 2011-ல் கண்டுபிடித்த பொருள் அல்ல. ஆவியாக்கும் கொதிகலனும் புதிதல்ல. தொழில்நுட்பம் வந்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருப்பவர்களுக்கு நொய்யல் சொல்லும் செய்தி இதுதான்: கருவி சந்தையில் இருந்தது, வாங்கக் காசு கொடுக்க ஆள் இல்லை. சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகு காசு வந்தது. அதுவரை அந்தக் காசை வேறு ஒருவர் தம் நிலத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 2004-ல் சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பகுதியில் ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. தென்னை காய்ப்பை நிறுத்தி, மாடு குடிக்காத தண்ணீராய்க் கிணறு மாறிய ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாதம் வரும்?

இனி இன்றைய கணக்கு. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைப் பட்டறைக்காரர் லிட்டருக்கு இத்தனை பைசா என்று கட்டுகிறார். அதைச் சாயக் கூலியில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏற்றுகிறார். லைட் கலருக்கு ஒரு கூலி, டார்க் கலருக்கு ஒரு கூலி. ஏற்றுமதியாளர் அதை ஆடையின் விலையில் சேர்த்து வெளிநாட்டு வாங்குநரிடம் கொண்டுபோகிறார். அங்கே நின்றுவிடுகிறது. வங்கதேசத்தில் இத்தனை சென்ட் குறைவு, வியட்நாமில் இத்தனை சென்ட் குறைவு என்று பட்டியல் மேசைக்கு வருகிறது. அதே நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் பச்சை இலைப் படம் போட்டு, தண்ணீரைக் காப்பதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கும். எழுதும் பிரிவும் வாங்கும் பிரிவும் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடிகளில் இருக்கின்றன போலும்.

2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், தையல் கூடத்தின் பாதுகாப்புக்கு வாங்குநர்களும் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார்கள். பொருள் செய்து தருபவர்களிடம் நடப்பதற்கும் வாங்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் விநியோகச் சங்கிலிச் சட்டம் ஜெர்மனியில் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் இத்தகைய சட்டங்களின் பேரில் திருப்பூருக்கு வருவது பெரும்பாலும் சான்றிதழ், தணிக்கை, படிவம். விலையில் ஒரு சென்ட் ஏறுவதில்லை. விதியை வாங்குநர் எழுதுகிறார், செலவை விற்பவர் ஏற்கிறார். இதற்குப் பங்கிட்ட பொறுப்பு என்று பெயர் வைக்க முடியாது.

உள்நாட்டிலும் இதே கதைதான். கழிவே வெளியேறக் கூடாது என்ற கட்டாயம் தமிழ்நாட்டுச் சாயப்பட்டறைகளுக்கு இருக்கிற அளவில் நாட்டின் எல்லா ஜவுளி மையங்களுக்கும் இல்லை. விதியைக் காப்பவனுக்கு விலை கூடுகிறது, மீறுபவனுக்கு ஆர்டர் கூடுகிறது. மாநிலத்துக்குள்ளேயே பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக் கரையில் அனுமதியில்லாப் பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், அவை வேறொரு தோட்டத்துக் கொட்டகையில் முளைப்பதும் பழகிப்போன செய்தி. நொய்யலைக் காப்பாற்றிய கணக்கில் காவிரியைக் கெடுத்தால், கரூர்க்காரருக்கு என்ன லாபம்?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, தள்ளுபடி கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. வாஷிங்டனில் எடுக்கிற முடிவு காங்கேயம் கிணற்றை எட்டுமா என்று கேட்கலாம். எட்டும். லாபம் கரையும்போது எந்தத் தொழிலிலும் முதலில் குறைக்கத் தோன்றுவது எதிர்த்துக் கேள்வி கேட்காத செலவைத்தான். மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், கூலி கொடுக்காவிட்டால் ஆள் வரமாட்டான். இரவில் ஒரு வால்வைத் திறந்துவிட்டால் ஆறு உடனே கேட்காது.

எனவே பங்கைப் பிரித்துச் சொல்லிவிடலாம். எல்லோரும் பொறுப்பு என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். சங்கிலியில் யாருக்கு அதிகம் மிஞ்சுகிறதோ அவருக்கு அதிகப் பங்கு என்பதே நியாயம். அந்த முறையில் முதல் பங்கு வாங்கும் நிறுவனங்களுடையது. ஒப்பந்தத்தில் துணி விலை, தையல் கூலி எழுதுவது போலத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவையும் தனி வரியாக எழுத வேண்டும், அந்த வரியில் பேரம் கூடாது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் ஒன்றாக நின்று கேட்டால் நடக்காத காரியம் அல்ல. தனித்தனியாகப் போய் ஒருவரை ஒருவர் கீழ்விலைக்கு வெட்டிக்கொண்டிருக்கும் வரை நடக்காது.

அடுத்தது ஒன்றிய அரசின் பங்கு. ஜவுளிச் சாயக் கழிவுக்கு நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும். ஏற்றுமதி ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைத் தண்ணீரைத் திருப்பி எடுக்கும் ஊர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். மாநில அரசு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆளும் ஆய்வகமும் கொடுக்க வேண்டும். அளவீடுகளை விவசாயி கைப்பேசியில் பார்க்கும்படி தமிழில் போட வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கும் வேலை முடிந்துவிடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கலவை உப்பு அடுக்கிக் கிடக்கிறது. சாயத்துக்கும் ஆகாது, வேறு தொழிலுக்கும் ஆகாது. ஒரு பெருமழையில் கூரை ஒழுகினால் இத்தனை காலம் பிடித்து வைத்த உப்பு மீண்டும் மண்ணுக்குத்தான் போகும். அதைத் தனித்தனி உப்பாகப் பிரிக்கவும், குறைந்த உப்பில் பிடிக்கும் சாயங்களைச் சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியான விலையில் கொண்டுவரவும் ஆராய்ச்சிப் பணம் வேண்டும். கொதிகலனுக்கு எரிக்கும் விறகும் ஒரு கேள்விதான். ஆற்றைக் காக்கிறோம் என்று மரத்தை வெட்டினால் கடன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவே.

கடைசியாக, துணி வாங்கும் நாம். தள்ளுபடி விற்பனையில் நாலு டி-ஷர்ட்டை ஒரு விலைக்கு அள்ளி, இரண்டைப் பிரிக்காமலே அலமாரியில் வைக்கிறோம். வசதியான நாடுகளில் தூக்கிப் போட்ட துணி சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் குவிந்து கிடப்பதைப் படத்தில் பார்த்து உச்சுக்கொட்டுகிறோம். அந்தத் துணிகளுக்கும் எங்கோ ஓர் ஆற்றில் உப்பு கரைந்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழும்போது, மீதியை யார் கொடுத்தார் என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேளுங்கள்; எந்த ஊரில் சாயம் போட்டது என்று லேபிளில் அச்சிடச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் நூறு பேரானால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். சாயம் போட்ட ஊரின் பெயரை லேபிளில் கட்டாயமாக்கும் சட்டத்தை, வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவரும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இந்த வாரமே எழுதுவோம்.